சுகர், தைராய்டு பேராசிரியர்களோடு கம்பெனிகள் சேர்ந்து வேலை செய்வது எப்படி? நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி வட்டாரத்தில் கருப்பட்டி, சிறுதானிய மாவு, உப்பு, சித்த மருந்து, செல்போன் ஆப் என்று எதையாவது தயாரித்து விற்கிறவர்கள், "ஒரு பெரிய டாக்டரைப் பிடித்தால் நல்லா இருக்குமே" என்று யோசிக்கிற கட்டத்தில் கேட்கிற கேள்விகள் இவை. உணவுக் கம்பெனிகளுக்கு லேப் வேலையும் லேபிள் வேலையும் பார்த்துக் கொடுப்பது என் தொழில் என்பதால் உணவுப் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே பேசியிருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்டோகிரைனாலஜி என்றால் சுகர் டாக்டர்தானே?

சுகரும் அதில் ஒன்று. தைராய்டு, பிட்யூட்டரி, அட்ரினல், சினைப்பை, கணையம் என்று ஹார்மோன் சுரக்கிற உறுப்புகள் எல்லாமே இந்தத் துறையின் கீழ்தான் வரும். எம்.டி. முடித்து அதற்கு மேல் மூன்று வருஷம் டி.எம். எண்டோகிரைனாலஜி படித்தவர்தான் முறைப்படி அந்தத் துறைக்காரர். "நீரிழிவு நிபுணர்" என்று போர்டு போட்டிருக்கிறவர்களில் பலர் பொது மருத்துவம் படித்துச் சுகர் நோயில் அனுபவம் சேர்த்தவர்கள். அவர்கள் குறைந்தவர்கள் இல்லை, ஆனால் ஆராய்ச்சியைத் திட்டமிட்டு நடத்துவது வேறு பழக்கம். உங்களுக்கு எது வேண்டும் என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சின்ன கம்பெனி. எங்களோடு பேசுவார்களா?

பேசுவார்கள், உங்களிடம் ஒரு கேள்வி இருந்தால். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) – இன்டியாப் என்ற நாடு தழுவிய சுகர் ஆய்வு, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சுகர் நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள் என்று கணக்குச் சொன்னது. இத்தனை பேர் தினமும் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது பேராசிரியர்களுக்கும் வேண்டிய விஷயம்தான். பேட்டை எஸ்டேட்டில் நாலு பேரை வைத்து மாவு அரைக்கிற கம்பெனியிடம் இருக்கிற உள்ளூர்த் தானியமும் செய்முறையும் ஆய்வுக்கூடத்தில் கிடைக்காது.

ஆனால் எனக்கு வருகிற பத்து விசாரிப்பில் முக்கால்வாசி கேள்வியாக இருப்பதில்லை. பாக்கெட்டில் "சுகர் உள்ளவர்களுக்கு நல்லது" என்று ஏற்கெனவே அச்சடித்துவிட்டு, அதை உண்மை என்று எழுதிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள். கல்யாணப் பத்திரிகை அடித்துவிட்டுப் பெண் தேடுகிற கதை. "இல்லை" என்ற பதிலும் வரலாம் என்று ஒப்புக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் கதவு திறக்கும்.

யாரைத் தேடுவது? இங்கேயே ஆள் இருக்கிறார்களா?

டி.எம். படித்த பேராசிரியரே வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். ஒரு மாவில் மாவுச்சத்து எவ்வளவு, அது எவ்வளவு வேகமாகச் செரிக்கிறது என்பது பயோகெமிஸ்ட்ரி கேள்வி. ஒரு ஊரில் எத்தனை பேர் எந்த உப்பு வாங்குகிறார்கள் என்பது சமூக மருத்துவத் துறையின் கேள்வி. இரண்டு துறையும் ஹைகிரவுண்டில், 1965-ல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியிலேயே இருக்கின்றன. அபிஷேகப்பட்டியில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம், பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி, அப்புறம் பாளையின் பழைய கலைக்கல்லூரிகளில் வேதியியல், விலங்கியல் துறைகள். பாதி வேலை பஸ் தூரத்திலேயே முடியும்.

ஹார்மோன் சிகிச்சையையே தொடுகிற வேலை என்றால் வேலூர் சி.எம்.சி.யின் எண்டோகிரைனாலஜி துறை மாதிரியான இடத்துக்குப் போகலாம். உணவும் சுகரும் என்றால் சென்னையில் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் பல வருஷமாக இந்திய உணவுகளுக்கு கிளைசிமிக் இண்டெக்ஸ் (சுருக்கமாக ஜி.ஐ., ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எப்படி ஏற்றுகிறது என்று காட்டுகிற எண்) பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரே வழிதான் நான் சொல்வேன்: மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுகிற பப்மெட் இணையதளத்தில் பெயரைப் போட்டு, கடைசி நாலைந்து வருஷத்தில் அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். இலவசம்தான். டிவியில் அடிக்கடி வருகிறாரா என்று பார்த்துப் போனால் டிவிக்குத் தேவையான ஆள்தான் கிடைப்பார்.

கிளினிக்கிலேயே போய்ப் பார்த்துவிடலாமா அண்ணாச்சி?

வேண்டாம். சாயங்காலம் அங்கே ஏற்கெனவே நாற்பது நோயாளி உட்கார்ந்திருப்பார்கள், சுவரோரம் பையோடு மெடிக்கல் ரெப்கள் நிற்பார்கள். அந்த வரிசையில் நீங்களும் ஒரு சாம்பிள் பாக்கெட்டோடு நின்றால் அவர் கண்ணுக்கு நீங்களும் ஒரு ரெப்தான். துறைக்குக் கடிதம் எழுதி, கல்லூரி நேரத்தில், கல்லூரி அறையில் பாருங்கள். பின்னால் காசு, ஒப்பந்தம், அனுமதி எல்லாம் கல்லூரி வழியாகத்தான் போகப்போகிறது. முதல் நாளே அந்த வாசல் வழியாகப் போய்விடுவது நல்லது.

முதல் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

இப்படி எழுதாதீர்கள்: "பெருமதிப்பிற்குரிய ஐயா, எங்கள் நிறுவனத்தின் இயற்கையான, பாரம்பரியமான சத்துமாவு சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்துவதாகப் பல வாடிக்கையாளர்கள் தெரிவித்துள்ளனர். தாங்கள் ஒரு சான்றிதழ் வழங்கினால்..." இரண்டாவது வரியிலேயே கடிதம் குப்பைக்குப் போகும்.

இப்படி எழுதலாம்: "நாங்கள் குதிரைவாலி, சாமை, உளுந்து சேர்த்து ஒரு தோசை மாவு செய்கிறோம். அரிசி தோசையைவிட இது ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றுகிறதா என்று எங்களுக்குத் தெரிய வேண்டும். கலவை விகிதமும் லேப் ரிப்போர்ட்டும் இணைத்திருக்கிறோம். இந்த வருஷம் இதற்கு இவ்வளவு பணம் ஒதுக்க முடியும். முடிவு எதுவானாலும் நீங்கள் வெளியிடலாம். அரை மணி நேரம் கிடைக்குமா?" ஒரு பக்கம் தாண்டக் கூடாது. கலவை விகிதத்தை ரகசியம் என்று மூடி வைத்தால் யாரும் தொட மாட்டார்கள். பயமாக இருந்தால் ரகசியக் காப்பு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்கிவிட்டுக் கொடுங்கள், அது வழக்கம்தான்.

கிளைசிமிக் இண்டெக்ஸ் சோதனை என்று சொல்கிறார்களே, அதில் என்ன செய்வார்கள்?

இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உணவுக் கம்பெனிகள் கேட்பதில் பாதி இதில்தான் வந்து நிற்கும்.

ஐ.எஸ்.ஓ. 26642 என்று 2010-ல் வந்த சர்வதேச முறை இருக்கிறது. குறைந்தது 10 ஆரோக்கியமான ஆட்கள் வேண்டும். சுகர் நோயாளிகள் இல்லை, அதைக் கவனியுங்கள். ராத்திரி முழுக்க வெறும் வயிறு. காலையில் வந்ததும் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம். அப்புறம் உங்கள் உணவில் 50 கிராம் செரிக்கக்கூடிய மாவுச்சத்து இருக்கிற அளவை எடைபோட்டுக் கொடுப்பார்கள். கருப்பட்டியாக இருந்தால் 60 கிராமுக்குக் கொஞ்சம் முன்பின், தோசையாக இருந்தால் தட்டு நிறைய வரும். சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து முதல் ஒரு மணி நேரம் கால் மணிக்கு ஒருமுறை, அடுத்த ஒரு மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை விரல் குத்தல். அந்த ரெண்டு மணி நேரமும் எழுந்து நடக்கக் கூடாது, காபி கேட்கக் கூடாது. வேறு நாட்களில் அதே ஆளுக்குக் குளுக்கோஸ் கரைசல் கொடுத்து அதே மாதிரி பார்ப்பார்கள், அதுவும் ஒருமுறைக்கு மேல். சர்க்கரை ஏறி இறங்குவதை உணவுக்கு ஒரு கோடு, குளுக்கோஸுக்கு ஒரு கோடு என்று வரைபடமாகப் போட்டு, இரண்டு கோட்டுக்கும் கீழே இருக்கிற பரப்பை ஒப்பிட்டால் எண் வரும். குளுக்கோஸ் 100; 55 வரை வந்தால் குறைவு, 56-லிருந்து 69 வரை நடுத்தரம், 70-ம் அதற்கு மேலும் அதிகம்.

சோதிக்கிறது மாவை இல்லை, சாப்பிடுகிற பண்டத்தை. ஒரே மாவில் களி கிண்டினால் ஒரு எண், புட்டு அவித்தால் ஒரு எண், நைசாக அரைத்தால் எண் ஏறும். "எங்கள் மாவின் ஜி.ஐ. 52" என்று பாக்கெட்டில் போட்டுவிட்டு, வாங்குகிறவர் அதை எப்படிச் சமைக்கிறார் என்பதைச் சொல்லாமல் விட்டால் அந்த எண்ணுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. இன்னொன்று, கொழுப்பு சேர்ந்தால் உணவு இரைப்பையிலிருந்து மெதுவாக இறங்கும், எண் குறையும். நெய் வழிகிற நம்ம ஊர் அல்வாவுக்குக்கூட எதிர்பார்ப்பதைவிடக் குறைவான எண் வரலாம், அதற்காக அதைச் சுகர் பலகாரம் என்று விற்க முடியுமா? அதனால்தான் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுகிற கிளைசிமிக் லோட் என்ற எண்ணையும் பேராசிரியர் கேட்பார். கேட்கவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள்.

கருப்பட்டி சுகருக்கு நல்லது என்று ஊரே சொல்கிறதே?

ஊர் சொல்லும். கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது சீனியில் இருக்கிற அதே பொருள். கூடக் கொஞ்சம் தாது உப்புகள் உண்டு, மணம் உண்டு, அருமையான காபி உண்டு. சுகர் உள்ளவருக்கு அது சீனிக்கு மாற்று என்று எந்த எண்டோகிரைனாலஜி பேராசிரியரும் கையெழுத்துப் போட மாட்டார், போடுகிறவரிடம் நீங்கள் போகவும் கூடாது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அந்தப் பெருமையைச் சொல்லி விற்கலாமே, சுகரை எதற்கு இழுக்க வேண்டும்? கருப்பட்டி போட்ட சத்துமாவில் "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று அடிப்பதும் நிற்காது. வெள்ளைச் சீனி மட்டுமல்ல, எந்த வகை இனிப்புச் சர்க்கரை சேர்த்தாலும் அந்த வாசகத்தைப் போட முடியாது.

ஆய்வில் நல்ல முடிவு வந்தால் "சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது" என்று லேபிளில் போடலாமா? டாக்டர் படம்?

நோயைத் தடுக்கும், தணிக்கும், குணப்படுத்தும் என்ற எதையும் உணவு லேபிளில் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ம் வருஷத்து விளம்பர விதிமுறை சொல்கிறது. நோய் அபாயத்தைக் குறைக்கும் என்று சொல்வதற்கு அனுமதிக்கப்பட்ட சில வாசகங்கள் மட்டும்தான் உண்டு. புதிதாக ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றால் ஆதாரத்தோடு முன் அனுமதி கேட்க வேண்டும். அந்த ஆதாரத்தை உருவாக்குகிற இடத்தில்தான் பேராசிரியர் உண்மையாகவே உதவுவார். மருந்து என்று விற்றால் இன்னும் சிக்கல்: 1954-ம் வருஷத்து மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தின் பட்டியலில் நீரிழிவு இருக்கிறது. அதைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே குற்றம்.

டாக்டர் படம் கிடையாது. "மருத்துவர்கள் பரிந்துரைப்பது" என்ற வரியும் கிடையாது. ஒரு மருத்துவர் கம்பெனிப் பொருளுக்குப் பகிரங்கமாகச் சான்று சொல்லக் கூடாது என்று மருத்துவக் கவுன்சிலின் தொழில் நெறி விதிகளிலேயே இருக்கிறது. நீங்கள் கேட்டால் அவருக்குத்தான் தலைவலி.

பணத்தை யாரிடம் கொடுப்பது?

கல்லூரிக்கு. பேராசிரியர் கையில் இல்லை. டீன் அல்லது பதிவாளர் கையெழுத்திடுகிற ஒப்பந்தம், ஆய்வுக்கென்று கல்லூரிக் கணக்கு, தவணை தவணையாகக் காசோலை. கருவி, ரசாயனம், ஆராய்ச்சி உதவியாளர் சம்பளம், பங்கேற்கிறவர்களுக்கான இன்சூரன்ஸ், கல்லூரியின் நிர்வாகப் பங்கு என்று தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். ஆலோசனைக் கட்டணம் வாங்குவது டாக்டருக்குத் தடை இல்லை, ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். அரசுப் பேராசிரியராக இருந்தால் அரசு ஊழியர் நடத்தை விதிப்படி முன் அனுமதி வாங்க வேண்டும். மருந்துக் கம்பெனியாக இருந்தால் 2024-ல் வந்த சந்தைப்படுத்தல் நெறிமுறையையும் ஒருமுறை படித்துவிடுங்கள். பரிசு, டூர், குடும்பத்தோடு ஹோட்டல் எல்லாம் அதில் அடைத்தாகிவிட்டது.

தீபாவளிக்கு அரைக் கிலோ அல்வா கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். மருந்துக் கம்பெனி என்றால் வேண்டாம். மற்றவர்கள், வேலை முடிந்த பிறகு லேப் பையன்கள் உட்பட எல்லோருக்குமாக மேஜையில் வைத்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

எதிக்ஸ் கமிட்டி என்றாலே இழுத்தடிப்பார்களாமே?

இழுக்கும்தான். மனிதர்களிடம் ரத்தம் எடுக்கிற, தகவல் எடுக்கிற எந்த ஆய்வுக்கும் அனுமதி வாங்காமல் ஒரு விரலைக்கூடக் குத்த முடியாது. கமிட்டியில் டாக்டர்கள் மட்டும் இல்லை, வக்கீல் ஒருவர், சமூக அறிவியல்காரர் ஒருவர், சாதாரணப் பொதுமகன் ஒருவர் இருப்பார்கள், தலைவர் வெளி ஆள். கூட்டம் தினமும் நடக்காது. நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஒப்புதல் படிவத்தை நல்ல தமிழில், பத்தாவது படித்தவருக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுக்க உதவுங்கள். ஆங்கிலத்தை மெஷினில் போட்டு எடுத்த தமிழ்ப் படிவத்தால் திரும்பி வந்த விண்ணப்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அனுமதி வந்ததும், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே, சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்துவிட வேண்டும். ஆய்வு தொடங்கிய பிறகு பதிய முடியாது.

முடிவு எங்களுக்கு எதிராக வந்தால் வெளியிடாமல் நிறுத்தலாமா?

கூடாது. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி கேட்டாலே நல்ல பேராசிரியர் எழுந்து போய்விடுவார். வெளியிடுவதற்கு முன் 30 நாளோ 60 நாளோ வரைவைப் படித்துக் கருத்துச் சொல்லலாம், ரகசியச் செய்முறை ஏதாவது வெளியே போகிறதா என்று பார்க்கலாம், அவ்வளவுதான். எதிரான முடிவிலும் உங்களுக்கு லாபம் உண்டு: குதிரைவாலி விகிதத்தைக் கூட்டினால், மாவைக் கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்தால் என்ன ஆகும் என்று அடுத்த கலவைக்குப் போகலாம்.

பேட்டன்ட் யாருக்கு?

உங்களுக்கா கல்லூரிக்கா என்பதை வேலை தொடங்குமுன் எழுதிக்கொள்ளுங்கள். பேராசிரியர் கட்டுரை வெளியிட்ட பிறகு விண்ணப்பித்தால் புதுமை போய்விடும், ஆகவே முதலில் தற்காலிக விண்ணப்பம், அப்புறம் கட்டுரை. முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் அவகாசம் உண்டு. ஆனால் ரொம்ப ஆசைப்படாதீர்கள். நாலு தானியத்தை வெறுமனே கலந்ததற்கோ, பாட்டி வைத்தியத்துக்கோ நம்ம சட்டத்தில் பேட்டன்ட் கிடைக்காது.

நாங்கள் சித்த மருந்து செய்கிறோம். அலோபதிப் பேராசிரியர் எங்களைச் சேர்த்துக்கொள்வாரா?

தனியாகப் போனால் கஷ்டம். பாளை சித்த மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரை முதலில் சேர்த்துக்கொண்டு, இரண்டு கல்லூரியும் சேர்ந்த திட்டமாகப் போங்கள். ஆவாரைக் குடிநீர் குடிக்கிறவர் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்று சுகர் மாத்திரையும் போட்டுக்கொண்டிருப்பார். இரண்டும் சேர்ந்து சர்க்கரை கீழே இறங்கிவிட்டால் யார் பார்ப்பது, எந்த அளவுக்குக் கீழே போனால் ஆய்விலிருந்து அவரை வெளியே எடுப்பது? எண்டோகிரைனாலஜிக்காரர் முதலில் கேட்பது இதைத்தான். பதிலோடு போனால் மரியாதை கிடைக்கும். எச்.பி.ஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது, ஆகவே நாலு வாரத்தில் முடிவு வேண்டும் என்று கேட்காதீர்கள்.

தூத்துக்குடி உப்புக் கம்பெனிக்கு இதில் என்ன வேலை?

நிறைய. இந்தத் துறையில் இந்தியா செய்த பெரிய ஆய்வுகளில் ஒன்றே உப்பில்தான் நடந்தது. 1956-ல் வி. ராமலிங்கசாமியும் கூட்டாளிகளும் இமாச்சலத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் அயோடின் சேர்த்த உப்பைச் சில பகுதிக்கும் சேர்க்காததை ஒரு பகுதிக்கும் கொடுத்துக் கழுத்துக்கழலை (அயோடின் குறைவால் தைராய்டு வீங்குவது) எப்படிக் குறைகிறது என்று பார்த்தார்கள். 1962-ல் தேசியத் திட்டமே வந்தது. இன்றைக்கு உங்கள் கேள்வி சின்னதாக இருக்கலாம்: ஆலையில் போட்ட அயோடின், ஈரக் காற்றில், திறந்த சாக்கில், பலசரக்குக் கடையில் மூணு மாதம் இருந்தபின் வீட்டுக்குப் போகிறபோது 15 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 15 பங்கு) மிச்சம் இருக்கிறதா? பயோகெமிஸ்ட்ரி லேபும் சமூக மருத்துவத் துறையும் சேர்ந்தால் ஒரு முதுநிலை மாணவரின் ஆய்வேட்டுக்கு இது சரியான அளவு. செலவும் குறைவு.

ஆப் செய்கிற கம்பெனி நாங்கள். நோயாளிகளின் டேட்டா வேண்டும், ஆஸ்பத்திரி தருமா?

பெயர், போன் நம்பரோடு தராது, தரவும் கூடாது. 2023-ம் வருஷத்துத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இது விளையாட்டு இல்லை. டைப் 1 சுகர் உள்ள பிள்ளைகள் என்றால் 18 வயது வரை பெற்றோர் சம்மதம் வேண்டும். அடையாளம் நீக்கிய தரவைக் கல்லூரிக் கணினியிலேயே வைத்து, உங்கள் ஆள் அங்கே போய் வேலை செய்கிற மாதிரி பேசிப் பாருங்கள். இன்னொன்று, சர்க்கரை அளவைக் குறித்து வைக்கிற ஆப் வேறு, "இன்னைக்கு இத்தனை யூனிட் இன்சுலின் போடு" என்று சொல்கிற ஆப் வேறு. இரண்டாவது மருத்துவக் கருவி, அதற்கு 2017-ம் வருஷத்து விதிகள், உரிமம் எல்லாம் உண்டு.

மொத்தம் எவ்வளவு காலம் ஆகும்?

பேச்சுவார்த்தை, ஒப்பந்தம், எதிக்ஸ், பதிவு எல்லாம் சேர்த்து ஆறு மாதத்தை எடுத்து வைத்துவிடுங்கள். சோதனை அதற்கு அப்புறம். பதநீர் சீசனை நம்பிய பொருள் என்றால் இதைப் பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்: சீசனில் ஒரே தடவையாகக் காய்ச்சி இறக்கிய கருப்பட்டியிலிருந்து சோதனைக்கு வேண்டிய அளவை எடுத்து, சீனி கலக்கவில்லை என்று லேப் ரிப்போர்ட் வாங்கி, ஈரம் ஏறாமல் மூடி முத்திரை வைத்துப் பாதியைக் கல்லூரியிடம் கொடுத்துவிடுங்கள். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு கடையில் வாங்கிக் கொடுத்த கருப்பட்டியில் என்ன கலந்திருக்கிறது என்று விற்றவருக்கே தெரியாது.